ஐம்பதுக்கு ஒரு பங்கு ஊமத்தை

எனக்குக் கதைக்க வராது. இதை முதலே சொல்லிவிடுகிறேன். கதைக்க வராதவன் எழுத வந்தால் இப்படித்தான் இருக்கும்.

ஓம், இல்லை, தெரியாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இருபத்தொன்பது வருடம் ஓட்டினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நான் வராததை ஆசிரியர் இரண்டு மாதமாகக் கவனிக்கவில்லையாம். (வந்த காலத்திலயும் சத்தம் கேக்கிறேல்லத்தானே எண்டாராம்.)

வேலை எனக்குத் தோதானது. திருகோணமலையில் கடற்கரையோரம் ஒரு தகரக் கொட்டில். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவேன். எஞ்சின் ஊர்ப்புதினம் கேட்காது. படகுக்காரர் வந்து எஞ்சினைக் காட்டுவார்கள். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

சிக்கல் பிளக் கடையில் தொடங்கியது.

எஞ்சின் சாமான் விற்கிற கடை. அங்கே மேசைக்குப் பின்னால் றெஜினா நின்றாள். எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக் வாங்க நான் போவேன்.

"பிளக் ரெண்டு."

"போன கிழமையும் ரெண்டு வாங்கினியள்."

"ஓம்."

"அதுக்கு முதல் கிழமையும்."

"ஓம்."

"எத்தினை எஞ்சின் கிடக்கு உங்களிட்ட?"

"ஒண்டு."

அவள் சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து பிளக்கைக் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் போட்டேன். எட்டொன்பது மாதத்தில் பெட்டி நிரம்பிவிட்டது. கூட்டுமாறோடு வந்த அக்கா பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தாள்.

"ஆரடா அவள்?" என்றாள்.

என் அக்கா மெற்றில்டா அப்படித்தான். எனக்குச் சேர்த்து அவள்தான் கதைப்பாள்.

அக்கா அன்புவழிபுரத்துக்குப் போய் றெஜினாவின் வீட்டில் பேசினாள். றெஜினாவுக்குச் சம்மதம். தாய்க்குச் சம்மதம். தகப்பன் சவரிமுத்து மட்டும் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் மட்டக்களப்பு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரின் கதையும் அவருக்குத் தெரியும். இறங்குவதற்குள் அவருடைய கதை எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு பயணிகள் இல்லை. கதை மட்டும் அப்படியே கிடந்தது.

முதல் தடவை போய் ஒன்றரை மணித்தியாலம் அவர் முன்னால் கதிரையில் இருந்தேன். மூன்று சொல் சொன்னேன். இரண்டாம் தடவை ஒன்று. (தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான்.)

மூன்றாம் தடவை அக்காவை மட்டும் கூப்பிட்டார்.

"பிள்ளை, பெடியன் நல்லவன். குடி இல்லை, வெறி இல்லை. ஆனா வாயும் இல்லை. என்ர பிள்ளை சுவரோடயே சீவிக்கிறது? நிலாவெளியில ஹோட்டல்ல நிக்கிற பெடியன் ஒருத்தனும் கேக்கிறான். மூண்டு பாசையில கதைப்பான்."

"ஐயோ அங்கிள், இவனும் கதைப்பான். கொஞ்சம் வெக்கம்."

"அப்பிடியெண்டா ரெண்டு கிழமை தவணை. இண்டையில இருந்து ரெண்டாம் ஞாயிறு பூசை முடிய மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு அரை மணித்தியாலம் மனிசர் மாதிரிக் கதைக்கட்டும். இல்லாட்டி மற்றவனுக்கு ஓம் எண்டுவன்."

அரை மணித்தியாலம். நான் பிறந்ததில் இருந்து கதைத்ததைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

அக்கா வேதக்கோயிலில் மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். அதற்கு மேலே ஒரு காப்பாக என்னை ஹோமியோபதி டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் முன்பு விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தார். அலுமாரி முழுக்கச் சின்னச் சின்னக் குப்பி. ஊசி இல்லை, கத்தி இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். பிறகு அவர் கொப்பியைத் திறந்தார்.

ஊசியே பரவாயில்லை. அந்த மனிதர் அறுபது கேள்வி கேட்டார்.

"உப்பு விருப்பமோ, இனிப்பு விருப்பமோ?"

"தெரியாது."

"எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பீர்?"

"தெரியாது."

"எந்தக் கால் கூட வேர்க்கும்?"

நான் காலைப் பார்த்தேன். காலும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன கனவு காணுவீர்?"

"இல்லை."

"எதுக்குப் பயம்?"

"இல்லை."

"மலசலம் ஒழுங்கோ?"

அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

டொக்டர் பேனையை வைத்தார். "தங்கச்சி, இவருக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை. பயத்தில சொல்லெல்லாம் உள்ளுக்கை நிண்டுபோச்சுது. இதுக்கு ஊமத்தை குடுப்பம்" என்றார்.

"சேசுவே! அது நஞ்செல்லோ டொக்டர்?"

"பச்சையா எண்டா நஞ்சுதான். வாய் காயும், கண்மணி விரியும், விசரன் மாதிரிப் பிசத்துவான். ஆளும் முடியும். செடியில கை வைக்கப்படாது. ஆனா எங்கட முறை வேற. எந்த நஞ்சு பிசத்த வைக்குதோ, அதை ஐதாக்கிக் குடுத்தா நாக்குக் கட்டினவனுக்கு நாக்கு அவிழும். ஒரு துளிச் சாறு, தொண்ணூற்றொன்பது துளி ஸ்பிரிட். குலுக்கிப் புத்தகத்தில குத்துறது. அதில ஒரு துளி எடுத்து இன்னொரு தொண்ணூற்றொன்பது. இப்பிடி முப்பது தரம். கடைசியில செடியின்ர ஞாபகம் மட்டும்தான் மிஞ்சும். ஐதாக ஐதாகத்தான் வலு கூடும்."

இது எனக்கு உடனே விளங்கியது. எஞ்சினுக்கு எரிபொருளோடு ஒயில் கலக்கிற வேலைதானே. ஐம்பது பங்குக்கு ஒரு பங்கு. கூடினால் புகைக்கும். குறைந்தால் எஞ்சின் இறுகிப்போகும்.

"முப்பது தரமோ?" என்று கேட்டேன்.

டொக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் கொப்பியில் எதையோ எழுதினார். (மருந்து குடுக்க முந்தியே குணம் தெரியுது எண்டு எழுதினவராம்.)

சீனி உருண்டை ஒரு குப்பி தந்தார். கடுகை விடக் கொஞ்சம் பெரிது. வெங்காயம், கற்பூரம், பெற்றோல், எந்த மணமும் படக்கூடாது என்றார்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கொட்டில்காரனைப் பார்த்து "வெயில்" என்றேன். அவன் கேட்காமலே. அவன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டான். ஐந்தாம் நாள் "சரியான வெயில்" என்றேன். மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது. இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அரை மணித்தியாலம் வந்துவிடும்.

என் கொட்டில் முழுக்கப் பெற்றோல் மணம். அதனால் குப்பியை வெளியே யன்னல் கட்டையில் வைத்தேன். கையில் கிறீஸ். மூடி சரியாக இறுகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தேன். குப்பி காலி. யன்னல் கட்டையில் இருந்து சுவர் வழியாக ஒரு எறும்பு வரிசை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு உருண்டை.

அந்தப் புற்றில் அன்றைக்கு நல்ல கதை நடந்திருக்கும்.

சைக்கிளை மிதித்துச் சந்தைக்குப் போனேன். மாடிக் கதவு பூட்டு. "மட்டக்களப்பில் கலியாணம். திங்கள் வருவேன்" என்று கடதாசி ஒட்டியிருந்தது.

திரும்பி வரும்போதுதான் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் அதைக் கண்டேன். ஊமத்தை. வெள்ளைப் பூ, முள்ளுக் காய். தினமும் பார்க்கிற செடிதான். அன்றைக்கு அது என்னைப் பார்த்தது.

நஞ்சென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆட்டுக்கே தெரியும். அந்தப் பக்கத்து ஆடுகள் சிமெந்துப் பையையும் தின்னும், அதை மட்டும் தின்னாது. கை வைக்கப்படாது என்று டொக்டரும் சொன்னார். ஆனால் ஐதாக்கினால் மருந்து என்றும் அவர்தான் சொன்னார். ஐதாக்குகிற வேலையில் இந்தக் கடற்கரையில் என்னை வெல்ல ஆளில்லை. டொக்டருக்கு அது பின்னேர வேலை. எனக்கு அதுதான் சோறு.

எவ்வளவு சாறு, எதில் எடுத்தது என்று எழுத மாட்டேன். (ஆராவது செய்து பாப்பியள். உங்களுக்கும் ஒரு கலியாணம் பேசியிருக்கும்.) ஒயில் அளக்கிற கோப்பையை மூன்று தரம் கழுவினேன். ஐம்பதுக்கு ஒன்று அளந்தேன். அளந்த பிறகு ஒரு யோசனை வந்தது.

புது எஞ்சினுக்கு முதல் ஓட்டத்தில் ஒயில் இரண்டு மடங்கு போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உரசிப் பிடித்துவிடும். இது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

என் வாய் புது எஞ்சின். இதுவரை ஓடாதது.

இரண்டு மடங்கு போட்டேன்.

முப்பது தரம் ஐதாக்க நேரமில்லை. ஆனால் குலுக்கல் முப்பது போட்டேன். தடித்த புத்தகம் என்னிடம் இல்லை. எஞ்சின் மூடியில் குத்தினேன். ஏதோ ஒன்று முப்பது தரம் நடந்தால் சரிதானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. கோயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குடித்தேன். கைப்பு. மருந்தென்றால் கைக்கும்தானே. அக்காவோடு ஓட்டோவில் ஏறினேன்.

அன்புவழிபுரத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். சவரிமுத்து மாமா மட்டக்களப்பு பஸ் மூதூருக்குப் பக்கத்தில் பழுதாகி நின்ற கதையைத் தொடங்கினார். எனக்கு வாய் காய்ந்தது. தண்ணீர் கேட்டேன். குடித்தேன். பிறகும் கேட்டேன். ஆறு கிளாஸ்.

"கதைக்கத்தான் வாயைக் கழுவுறார் போல" என்றார் மாமா.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. றெஜினா சோற்றுக் கோப்பையோடு வந்தாள். அவளைச் சுற்றி இன்னும் இரண்டு றெஜினா. மூன்று பேரும் என்னைக் குனிந்து பார்த்தார்கள்.

"அம்மா, இவற்ர கண்ணைப் பாருங்கோ. ஆந்தைக் கண் மாதிரிக் கிடக்கு" என்றாள் ஒருத்தி.

அதோடு எனக்கு நினைவில்லை. இனி எழுதுவது மற்றவர்கள் சொன்னது. அக்கா ஒரு விதம் சொல்வாள். றெஜினா ஒரு விதம். மாமா ஒவ்வொரு தடவையும் வேறு விதம். மூன்றுக்கும் பொதுவானதை மட்டும் எழுதுகிறேன்.

நான் எழுந்தேனாம். அலுமாரிக்கு வணக்கம் சொன்னேனாம். பிறகு தொடங்கினேனாம்.

"உப்புத்தான் விருப்பம்" என்றேனாம்.

எல்லாரும் மீன் குழம்பைப் பற்றி என்று நினைத்தார்கள். றெஜினாவின் அம்மா உப்பை எடுக்கக் குசினிக்கு ஓடினார்.

"வலப்பக்கம் சரிஞ்சுதான் படுக்கிறனான். இடது கால்தான் கூட வேர்க்கும். வலது கால் சும்மா அதுக்குத் துணையா வருது."

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிற்பாட்டினேனாம்.

"பொறுங்கோ. இன்னும் ஐம்பத்தேழு கேள்வி கிடக்கு."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஹோமியோபதி டொக்டர் கேட்ட கேள்விகள். அன்றைக்கு இல்லை, தெரியாது என்று சொன்ன எல்லாவற்றுக்கும் இப்போது பதில் வருகிறது. ஒன்றன்பின் ஒன்றாக. அவள் என் சேட்டைப் பிடித்து இழுத்தாள். மலசலக் கேள்வியும் அதில் கிடக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நிற்பாட்ட முடியவில்லை. அந்தப் பதிலையும் சொன்னேன். விபரமாக. சோறு மேசையில் இருந்தது.

"கனவோ? சூடை மீன் ஒண்டு கதிரையில இருந்துகொண்டு என்னட்டப் பேர் கேக்குது. நான் சொல்லுறேல்ல. தினமும் வருது. தினமும் கேக்குது. அதுக்கும் வேற வேலை இல்லை."

ஒரு மணித்தியாலம் போனது. முப்பது வருடம் பஸ்ஸில் கதைத்த சவரிமுத்து மாமா அந்த ஒரு மணித்தியாலத்தில் "தம்பி" என்று ஏழு தரம் தொடங்கினாராம். ஒரு தரமும் அடுத்த சொல்லுக்குப் போக விடவில்லையாம் நான்.

எட்டாம் தரம் அவர் கோபத்தில் இருமினார். அந்தச் சத்தம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. நல்ல எஞ்சின் ஒன்று கயிறு இழுத்தும் பிடிக்காமல் நிற்கிற மாதிரி. அவருடைய கதிரைக்குப் பின்னால் போனேன். கதிரையில் ஒரு காலை ஊன்றினேன். அவர் கழுத்தில் உத்தரியம் போட்டிருந்தார். மாதா படம் கோத்த கயிறு. அதைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தேனாம்.

"பிடிக்கேல்ல. சோக் போடுங்கோ."

இன்னொரு இழுவை.

"ஐயோ, என்னைக் கொல்லுறான்!" என்றார் மாமா.

"இப்ப சத்தம் வருது. ஆனா மூச்சு அடைக்குது. பிளக் கழட்டிப் பாக்கவேணும்" என்று அவருடைய சேட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினேனாம். கயிறு அறுந்து கையோடு வந்தது. நான் அதைப் பார்த்து, "ஸ்டார்ட்டர் கயிறு இத்துப்போச்சு. இதுக்கு நான் பொறுப்பில்லை" என்றேனாம்.

இதற்கிடையில் றெஜினா ஒன்று கேட்டாள். பயந்துபோய் நின்றவள், எப்படிக் கேட்கத் தோன்றியது என்று அவளுக்கும் தெரியாது.

"உங்களுக்கு எதுக்குப் பயம்?"

"மூண்டுக்கு. பல்லி ஒண்டு. மைக் ஒண்டு. மற்றது, பிளக் கடைப் பிள்ளை ஏலாது எண்டு சொல்லிப்போடுமோ எண்டு. அதுக்குத்தான் கேக்காம பிளக் வாங்குறன். கட்டிலுக்குக் கீழ எழுபத்தாறு கிடக்கு."

சொல்லிவிட்டு அறுந்த கயிற்றோடு நிலத்தில் விழுந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் கண் திறந்தபோது திங்கள் காலை. வாயெல்லாம் கரி. மருந்தாகக் கரி கரைத்துப் பருக்கியிருக்கிறார்கள். நேர்ஸ் ஒருத்தி மணிக்கு ஒரு தரம் டோர்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்தாள். ஆஸ்பத்திரி டொக்டர் வந்து, இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் நேரே சேமக்காலைக் குழிதான் என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன்.

எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. கதைக்கச் சொன்னார்கள். கதைத்தாயிற்று. நிலாவெளிப் பெடியன் இந்நேரம் மூன்று பாசையிலும் ஓம் சொல்லியிருப்பான். சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

அடுத்த கட்டிலில் இருந்து இருமல் கேட்டது. தெரிந்த இருமல்.

சவரிமுத்து மாமா. என்னைக் கொண்டுவந்த ஓட்டோவில் கூட வந்தவர். வாசலில் நின்று கத்தின கத்தில் நேர்ஸ் பிடித்து இருத்திப் பிரஷர் பார்த்திருக்கிறாள். ஊசி ஏற வேண்டியதற்கு மேலே ஏறி நின்றிருக்கிறது. அவரையும் மறித்துப் போட்டார்கள். கட்டில் ஒன்றுதான் காலி. என் பக்கத்துக் கட்டில்.

மாமா கூரையைப் பார்த்தார். நானும் கூரையைப் பார்த்தேன்.  பத்து நிமிடத்துக்கு மேல் அவருக்குப் பொறுக்க ஏலவில்லை.

"மூதூருக்குப் பக்கத்தில பஸ் நிண்டது எண்டு சொன்னனெல்லே..." என்று தொடங்கினார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

அந்தக் கதை மத்தியானம் வரை ஓடியது. பிறகு வேறு கதை. நான் எழுந்து போக முடியாது, கையில் சேலைன். எனக்கு அலுப்பும் இல்லை. பஸ் எஞ்சின் பழுதான இடங்கள் நல்லாக இருந்தன. "ஓம்" என்றேன். இரண்டு இடத்தில் "பிறகு?" என்றேன். அதற்கு அவர் கட்டிலில் எழும்பியே இருந்துவிட்டார்.

பின்னேரம், அக்காவின் போனில் விசயம் அறிந்த ஹோமியோபதி டொக்டர் மட்டக்களப்பில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கலியாணச் சட்டை மாற்றவில்லை.

"செடியில கை வைக்கப்படாது எண்டு சொன்னனான் எல்லே! என்ர சீனி உருண்டையில இண்டைக்கு வரைக்கும் ஒரு எறும்பும் சாகேல்ல!" என்று கத்தினார். (அது உண்மைதான். சாட்சிக்கு எறும்பு வரிசை இருக்கு.)

கத்தி முடித்துக் கதிரையை இழுத்துப்போட்டுக் கொப்பியைத் திறந்தார்.

"சரி. அந்தக் கேள்வியளுக்கு என்ன சொன்னவர்?"

றெஜினா கஞ்சிப் போத்தலோடு வாசலில் நின்றாள். அவள் வந்ததை நான் காணவில்லை.

"உப்பு விருப்பம். வலப்பக்கம் சரிஞ்சு படுப்பார். இடது கால் வேர்க்கும்" என்றாள். வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றும் விடவில்லை. மலசலத்தையும். மூன்றாவது பயத்துக்கு வந்தபோது மட்டும் நிறுத்தினாள். "அதை எழுதாதேங்கோ. அது எனக்கு" என்றாள்.

டொக்டர் கொப்பியை மூடினார். "இவருக்கு மருந்து தேவையில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் இரண்டு பேரையும் விட்டார்கள். வாசலில் அக்கா மாமாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். இன்னும் ஒரு தவணை தாங்கோ, இவன் கதைக்கப் பழகுவான் என்றாள்.

"வேண்டாம்!" என்றார் மாமா. றோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கதைக்கிறவன் எண்டா என்ன எண்டு ஞாயிற்றுக்கிழமை கண்டிட்டன். ஒரு மணித்தியாலம்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சுது. நிலாவெளிப் பெடியனும் அப்பிடி வாயைத் திறந்தா, நான் எப்ப கதைக்கிறது? முப்பது வருசமா என்ர மூதூர்க் கதையை ஒருத்தனும் முழுசாக் கேட்டதில்லை. எல்லாரும் வழியில இறங்கிப்போனவை. இவன்தான் கடைசி மட்டும் இருந்தவன். கலியாணத்தை வைப்பம்."

சேலைன் குத்தியிருந்ததால்தான் இருந்தேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எனக்கு லேசு.

கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை நன்றி சொல்ல வேண்டும் என்று மைக்கைக் கையில் தந்தார்கள். நான் வாயைத் திறக்க முந்தி மாமா ஓடிவந்து பறித்தார். அரை மணித்தியாலம் அவரே நன்றி சொன்னார். புது உத்தரியம் போட்டிருந்தார். பேசி முடியும்வரை அதை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

இப்போது பதினான்கு வருடம். எழுபத்தாறு பிளக்கில் அறுபது இன்னும் கிடக்கிறது. மூதூர்க் கதையை எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. கொட்டில் பக்கத்தில் ஊமத்தை முளைத்தால் கையுறை போட்டுப் பிடுங்குகிறேன்.

வீட்டில் ஒரு வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. நான் தொடர்ந்து மூன்று வசனம் கதைத்தால் யாராவது எழுந்து டோர்ச் எடுத்து வருவார்கள். என் கண்மணியைப் பார்ப்பார்கள். சுருங்கினால் மிச்சத்தைச் சொல்லலாம். விருந்தாளிகள் இருந்தாலும் இதுதான் சட்டம்.

இதை எழுதி முடித்து நேற்று றெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலாம் பக்கம் முடியும்வரை கேட்டாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அவள் எழும்பி அலுமாரியைத் திறந்தாள்.

"கண்ணைக் காட்டுங்கோ" என்றாள்.